களைப்பும் ஈமானும்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு பாடம்

இரவு உறங்கி எழுந்தும் ஃபஜ்ர் வேளையிலேயே உடல் கனக்கிறது. பகல் முழுதும் கடமைகளை இழுத்துக்கொண்டு நடக்கிறோம். விடுமுறை வந்தாலும் தெம்பு திரும்புவதில்லை. இந்நிலையில் இருப்போர் நம் மஹல்லாக்களில் சிலர் மட்டுமல்லர். குடும்பத்திற்காக இரண்டு வேலை பார்க்கும் தந்தையர், கைக்குழந்தையையும் நோயுற்ற பெரியவரையும் ஒருங்கே பராமரிக்கும் பெண்கள், ஓய்வின்றி ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகள் எனப் பலர் இருக்கின்றனர். ஆயினும் அதை வெளியே சொல்ல நாணுகிறோம். "சோம்பல்" என்றோ "ஈமானில் குறை" என்றோ தீர்ப்பு வந்துவிடுமோ என அஞ்சுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் சோம்பலை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியது நாம் அறிந்ததே. ஆனால் அதே துஆவில் இயலாமையைச் சோம்பலோடு சேர்க்காமல் தனியே குறிப்பிட்டார்கள். கவலையையும் துக்கத்தையும்கூட வெவ்வேறாகவே கூறினார்கள். செய்ய முடிந்தும் செய்யாதிருப்பது ஒன்று; செய்ய விரும்பியும் முடியாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு, ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுடையது.

ஹிஜ்ரி 484இல், அதாவது 1091இல், இமாமவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியராக அமர்ந்தார்கள். அன்றைய இஸ்லாமிய உலகில் அதைவிட உயர்ந்த கல்விப் பதவி அரிது. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, இடையில் கிடைத்த ஓய்வு நேரங்களைச் சேமித்து, ஆசிரியர் துணையின்றி இரண்டாண்டுகளுக்குள் தத்துவ நூல்களைக் கற்றுத் தேர்ந்ததாக அவர்களே எழுதியுள்ளார்கள். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு அவற்றைத் திரும்பத் திரும்பச் சிந்தித்தார்கள். ஓய்வுக்கென இருந்த நேரமும் உழைப்பாயிற்று.

வெளியுலகமும் அமைதியாக இல்லை. 1092இல் அவர்களை ஆதரித்த அமைச்சர் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அதே ஆண்டில் சுல்தான் மலிக்ஷா இறந்தார். 1094இல் கலீஃபா முக்ததியும் மறைந்தார். இத்தனை குழப்பங்களின் நடுவே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. புகழ்பெற்ற 'தஹாஃபுதுல் ஃபலாசிஃபா' 1095இன் தொடக்கத்தில் நிறைவுற்றது.

அதே ஆண்டு ஜூலையில், ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில், எல்லாம் முறிந்தது. பக்தாதை விட்டுச் செல்வதா, இருப்பதா என்ற போராட்டம் அதற்கு முன்பே உள்ளத்தை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. இப்போது நாவே கட்டுண்டது. மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. உணவு இறங்கவில்லை, செரிக்கவும் இல்லை. உடல் வலிமை குன்றியது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் அப்போராட்டம் நீடித்தது.

மருத்துவர்கள் வந்து பார்த்தனர். நோய் உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடலுக்குப் பரவியிருக்கிறது. மனத்தை வாட்டும் கவலை தணிந்தாலன்றி மருந்தால் பயனில்லை என்று கூறிவிட்டனர். அவர்களுள் எவரும் இதைச் சோம்பல் எனக் கூறியதாக இமாமவர்கள் எழுதவில்லை.

அம்மருத்துவர்களின் கருத்து நம் மரபுக்குப் புதிதன்று. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ தம் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல்நலத்திற்கு ஒரு பகுதியும் உளநலத்திற்கு ஒரு பகுதியும் ஒதுக்கினார். உடல் நோயுற்றால் உள்ளம் வாடும், உள்ளம் நோயுற்றால் உடல் வாடும் என்பது அவர் கருத்து. இரண்டுக்கும் பராமரிப்புத் தேவை என அவர் வலியுறுத்தினார்.

இமாமவர்கள் மீண்டது எப்படி? முதலில் தம் இயலாமையை ஒப்புக்கொண்டு அல்லாஹ்விடம் சரணடைந்தார்கள். பதவியைத் துறப்பது அதன்பின் எளிதாயிற்று என்கிறார்கள். அடுத்து, பாரத்தை இறக்கினார்கள். பாடப் பொறுப்பைத் தம்பி அஹ்மத் ஏற்றார். குடும்பத்தின் பிழைப்புக்கு வேண்டிய அளவை வைத்துக்கொண்டு மற்றச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். பிறகு இடம் மாறினார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறித் தனித்திருந்தார்கள். ஜெரூசலத்தில் தங்கினார்கள், ஹஜ்ஜும் செய்தார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசர்களின் அவைக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை, வாதப் போர்களில் இறங்குவதில்லை என மூன்று உறுதிகள் பூண்டார்கள். தம்மைத் தேய்த்தவை எவை என்பதை அறிந்து அவற்றின் வாயிலை அடைத்தார்கள்.

மீட்சி நேர்கோட்டில் நிகழவில்லை. பிள்ளைகளின் அழைப்பும் பிழைப்பின் தேவைகளும் தனிமையைக் கலைத்ததாக அவர்களே கூறுகிறார்கள். நிஷாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தது 1106இல்தான். இடையில் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவை வீணாகவில்லை. 'இஹ்யா உலூமித்தீன்' உருவானது அக்காலத்தில்தான். வாழ்வின் இறுதியை நிஷாபூரிலோ பக்தாதிலோ அல்ல, பிறந்த ஊரான தூஸில், வீட்டருகே அமைந்த சிறிய மதரஸாவில் கழித்தார்கள். 1111இல் அங்கேயே வஃபாத்தானார்கள்.

அவர்களின் நெருக்கடி வெறும் வேலைக் களைப்பன்று; இறைவனுக்காகவா, புகழுக்காகவா கற்பிக்கிறோம் என்ற கேள்வியே அதன் மையம் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் அக்கேள்வி உடலை வீழ்த்தியபோது, வீழ்ந்ததை மறைக்காமல் 'அல்முன்கித் மினழ் ழலால்' நூலில் எழுதிவைத்தார்கள். ஈமானின் உயரத்தில் நின்றவரே அதைச் சொல்ல நாணவில்லை. நாம் ஏன் நாண வேண்டும்?

சுன்னாவும் இதையே கற்பிக்கிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டு என ஸல்மான் (ரலி) அவர்கள் உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸல்மானின் பேச்சை உண்மை என ஏற்றார்கள். தொழுகையில் சோர்ந்தால் பற்றிக்கொள்ளவென ஸைனப் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும், சோர்வுற்றால் அமரும்படி கூறியதும் நபி (ஸல்) அவர்களே.

எனவே வாரக்கணக்கில் நீங்காத களைப்பை நாம் அலட்சியம் செய்யலாகாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் காரணமாயிருக்கலாம். மருத்துவரை நாடுவதும் சுன்னாவே. இமாமவர்களைப் போல எல்லாவற்றையும் விட்டுச் செல்ல நம்மால் இயலாது. ஆனால் ஒரு பொறுப்பைப் பிறர் கையில் கொடுக்க இயலும். களைத்தவரின் பொறுப்பை ஏற்கும் தம்பி அஹ்மதாக நாம் இருக்கவும் இயலும். அடுத்த முறை ஒருவர் "முடியவில்லை" என்று சொன்னால், அவருடைய ஈமானை அளக்குமுன் அவருடைய சுமையைக் கேட்டறிவோம்.

களைத்த உடல்களுக்கு ஆரோக்கியத்தையும் வாடிய உள்ளங்களுக்கு அமைதியையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.