அழித்த பூஞ்சணமும் ஆக்கும் பூஞ்சணமும்

கண்டி மாநகருக்கு அண்மையில், மகாவலி கங்கையின் வளைவிலே அமைந்திருப்பது பேராதனைப் பூந்தோட்டம். 1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இத்தோட்டத்தின் வரலாற்றோடு மலைநாட்டின் பெருந்துயர் ஒன்று பிணைந்துள்ளது.

1869இல் இலங்கையின் கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்தது. பூந்தோட்டப் பணிப்பாளர் துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்னும் பாதிரியார், அது அதுகாறும் அறியப்படாத பூஞ்சணம் எனக் கண்டார். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்தது. தோட்ட முதலாளிகள் பலர் நொடித்தனர். தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து உழைத்த தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர்.

நோயை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி வந்தார். பூஞ்சண வித்திகள் காற்றிலே பரவி, இலைத்துளைகளின் வழியே உட்புகுவதை அவர் நிறுவினார். ஆயினும் கோப்பியைக் காக்க அவரால் இயலவில்லை.

தாயகம் திரும்பிய வார்ட், 1888இல் லில்லிச் செடியின் நோயொன்றை ஆராய்ந்தார். அதனை உண்டாக்கும் பூஞ்சணம் ஒரு நீரைக் கசியவிட்டுச் செடியின் கலச்சுவரைக் கரைப்பதைக் கண்டார். ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1886இல் வேறொரு பூஞ்சணத்திற் கண்டதும் இதுவே. பூஞ்சணத்துக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. அது நொதியத்தை வெளியே சுரந்து, உணவைக் கரைத்த பின்னரே உறிஞ்சுகின்றது. அழிவின் இரகசியம் இதுவெனில், ஆக்கத்தின் இரகசியமும் இதுவே.

1894இல் ஜப்பானியரான தக்காமினே, கோதுமைத் தவிட்டிலே பூஞ்சணம் வளர்த்து, மாப்பொருளைக் கரைக்கும் நொதியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். தவிட்டுக்கு ஏற்ற முறை பழத்தோலுக்கும் ஏற்றதே. சாறு பிழிந்தபின் எஞ்சும் தோடம்பழத் தோலிலே பெக்டின் என்னும் பசைப்பொருள் மிகுதி. தோலை நீராவியில் அவித்து, ஆறவிட்டு, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சணத்தை விதைத்தால், பெக்டினை உண்ணும்பொருட்டு அதற்குரிய நொதியத்தை அது சுரக்கும். சில நாட்களின் பின் நீரிற் கரைத்து வடித்தெடுக்கலாம். கலங்கிய பழச்சாற்றைத் தெளிவிக்க உதவுவதும் அந்நொதியமே. குப்பையாய்ச் சென்றது கருவியாய் மீண்டும் ஆலைக்கே திரும்புகின்றது.

எனினும், தானாய்ப் பூத்த பூஞ்சணமெல்லாம் இதற்கு உதவா. அவற்றுட் சில நஞ்சும் சுரக்கும். தேர்ந்த வித்து, தூய கலம், அளவான ஈரமும் வெப்பமும் வேண்டும்.

கண்டி மக்களின் வீட்டுத்தோட்டங்கள் பலாவும் மாவும் வாழையும் செறிந்தவை. பருவந்தோறும் அங்கே வீணாகும் தோலும் சக்கையும் ஏராளம். அன்று அறியாமையால் பூஞ்சணத்திடம் ஒரு பயிரையே இழந்த மலைநாட்டுக்கு, அறிவு துணைநின்றால் அவ்வினத்தையே ஏவல் கொள்ளும் வாய்ப்பு உண்டு.