புல்லுக்கு ஈடாக ஒரு உறுதி

மாடு வளர்க்கிற ஆட்களுக்கும் காட்டைக் காக்கிற ஆட்களுக்கும் ஒத்துவராது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கிலும் அதே நிலைதான். பொதுக் காணிகளில் ஒரு மாடும் மேயக்கூடாது என்று சூழலியலாளர்களில் ஒரு பகுதியினர் கேட்டார்கள். பண்ணைக்காரர் அவர்களை எதிரிகளாகவே பார்த்தார்கள். ஆனால் அரிசோனாவும் நியூ மெக்சிக்கோவும் மெக்சிக்கோ எல்லையைத் தொடுகிற மூலையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கியது.

அது சிரிக்காவா அப்பாச்சி மக்களின் நிலம். தென்கிழக்கு அரிசோனாவில் 1872இல் அவர்களுக்கென ஒதுக்கிய பகுதியை அரசு 1876இல் திரும்பப் பறித்தது. 1886இல் ஜெரோனிமோ சரணடைந்ததும் அங்கேதான். ரயில் பாதை வந்ததோடு மாடுகளும் கணக்கில்லாமல் வந்து சேர்ந்தன. 1891 தொடக்கம் 1893 வரையான வறட்சியில் அந்த மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. புல்லும் போச்சு. பிறகு எந்தத் தீயையும் உடனே அணைப்பது அரசின் கொள்கையாகியது. இடைக்கிடை எரிந்தால்தான் புல்வெளி புல்வெளியாக இருக்கும். எரியாத நிலத்தில் பற்றை ஏறியது.

1991இல் ஒரு தீயை எரியவிடச் சொன்னார்கள் பண்ணைக்காரர். அதிகாரிகள் கேட்கவில்லை, அணைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் வோர்னர் க்ளென் குடும்பத்தின் மல்பாய் பண்ணையில் நடந்த சந்திப்புகளுக்கு வலுச்சேர்த்தது. அங்கே சூழலியலாளர்களும் வந்திருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் பயம் ஒன்றுதான்: காணி துண்டு துண்டாக விலைப்பட்டு வீடுகள் முளைத்தால் மாடும் இல்லை, மானும் இல்லை. 1994இல் மல்பாய் போர்டர்லாண்ட்ஸ் குழு உருவானது. ஏறத்தாழ 8 இலட்சம் ஏக்கர் அதன் பரப்பு.

அவர்களுடைய 'புல் வங்கி' சும்மா ஒரு நல்லெண்ணப் பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல். மழை பொய்த்தால் ஒரு பண்ணைக்காரர் தன் மாடுகளை 3 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கிரே பண்ணையில் மேயவிட முடிந்தது. அவருடைய தரைக்கு ஓய்வு கிடைத்தது. அந்தப் புல்லின் பெறுமதிக்கு ஈடாக, தன் காணியை ஒருநாளும் துண்டு போட்டு விற்கமாட்டேன் என்று சட்டப்படி எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அரசு பொதுக் காணி மேய்ச்சல் உரிமையைப் பறித்தால் அந்த உறுதியிலிருந்து விலகவும் வழி வைத்தார்கள். ஒருவரையொருவர் முழுசாக நம்பித்தான் சேரவேண்டும் என்றில்லை. நம்பாத இடத்தை எழுத்தில் வைத்தார்கள்.

1996இல் வோர்னர் க்ளென் மலையில் ஒரு ஜாகுவாரைக் கண்டார். வெளியே சொன்னால் பாதுகாப்புச் சட்டம் தங்கள் காணிக்குள் வரும் என்று பலர் பயப்படுகிற காலம். அவர் படம் எடுத்து, ஊருக்கே காட்டினார். அமெரிக்காவில் உயிரோடு திரிந்த காட்டு ஜாகுவாரின் முதல் படங்கள் அவை.

இதை நாங்கள் முழு வெற்றிக் கதையாக வாசிக்கவில்லை. அந்த மேசையில் இருந்தவர்களிடம் காணி உறுதியோ, அரச அதிகாரமோ, பணமோ இருந்தது. கொடுக்க ஏதோ ஒன்று இருந்ததால்தான் பேரம் நடந்தது. நிலத்தைப் பறிகொடுத்த அப்பாச்சி மக்களிடம் கொடுக்க என்ன மிஞ்சியிருந்தது? கூட்டுப் பராமரிப்பு என்று யார் கதைத்தாலும், அதற்கு முதல் அந்தக் காணி யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.