தாது வருடப் பஞ்சமும் ஒரு பொருளாதாரக் கோட்பாடும்

பக்கிங்காம் கால்வாயை நம்மில் பலருக்கு நாற்றமாகத்தான் தெரியும். சென்னையில் அதன் கரையோரம் குடிசை போட்டு வாழ்ந்து, பிறகு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டவர்களில் நம் சொந்தபந்தங்களும் இருக்கிறார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தக் கால்வாயின் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்த கூலி மக்கள். கால்வாய்க்கோ அன்றைய மதராஸ் கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பொருளாதாரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: “சந்தை விதி என்பது புவியீர்ப்பு மாதிரிதானே அண்ணா? அதை நாம் எதிர்த்து என்ன ஆகப்போகிறது?” கல்லூரியில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆகவே அந்தக் கால்வாயை வெட்ட வைத்த பஞ்சத்தின் கதையையே பதிலாகச் சொல்லலாம் என்று நினைத்தோம். ஒரு பொருளாதாரக் கோட்பாடு எப்படிப் பிறக்கிறது, எப்படி அதிகாரம் பெறுகிறது, எத்தனை பிணங்களுக்குப் பிறகு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதை இந்தக் கதை காட்டும்.

கம்பெனியைத் திட்டிய புத்தகம்

1770இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்ததாகக் கணக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1776இல், ஆடம் ஸ்மித் ‘நாடுகளின் செல்வம்’ நூலை வெளியிட்டார். அதில் தானிய வியாபாரம் பற்றி நீண்ட பகுதி ஒன்று உண்டு. விளைச்சல் குறைவதால் தட்டுப்பாடு வரலாம். ஆனால் அதைப் பஞ்சமாக மாற்றுவது அரசின் முரட்டுத் தலையீடுதான் என்பது அவர் வாதம். விலை ஏறினால் மக்கள் சிக்கனமாகச் சாப்பிடுவார்கள், வியாபாரி லாபத்துக்காக வேறிடத்திலிருந்து தானியம் கொண்டுவருவான், தட்டுப்பாடு தானே தணியும். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தவறான கட்டுப்பாடுகள்தான் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கின என்றும் அவர் எழுதினார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். ஸ்மித் எழுதியது கம்பெனிக்கு எதிராக. ஏகபோக வியாபாரிகளை அவர் கடுமையாகச் சந்தேகித்தார். ஆனால் நூறு ஆண்டுகளில் அதே வாதம், கம்பெனியின் வாரிசான பிரிட்டிஷ் இந்திய அரசுக்குக் கேடயமாகிவிட்டது. “பஞ்சத்தில் தலையிடாதே” என்ற வரி மட்டும் மிஞ்சியது. “ஏகபோகத்தை நம்பாதே” என்ற வரி காணாமல் போனது. ஒரு கோட்பாடு பயணம் செய்யும்போது முழுதாகப் பயணம் செய்வதில்லை. அதிகாரத்துக்கு வசதியான பாகம் முதலில் ஊர்போய்ச் சேர்கிறது.

வகுப்பறை வழியாக வந்த அதிகாரம்

அது எப்படி ஊர் சேர்ந்தது? வகுப்பறை வழியாக. இந்தியாவுக்கு வரும் இளம் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கக் கம்பெனி இங்கிலாந்தில் ஹெய்லிபரி கல்லூரியை நடத்தியது. அங்கே 1805 முதல் 1834இல் சாகும்வரை பொருளாதாரம் கற்பித்தவர் தாமஸ் மால்தஸ். உணவைவிட வேகமாக மக்கள் தொகை பெருகும், பஞ்சமும் நோயும் அதைக் கட்டுப்படுத்தும் என்று 1798இல் எழுதிய அதே மால்தஸ்தான்.

பதினாறு, பதினேழு வயதில் இதைப் படித்துத் தேர்வெழுதிய பையன்கள் சில ஆண்டுகளில் கலெக்டர்கள் ஆனார்கள். வரியும் பஞ்சமும் அவர்கள் கையில். சேரியில் ஒருவன் பட்டினி கிடந்தால் அது அவர்களுக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே படித்த பாடமாகத் தெரிந்தது. அந்தக் கோட்பாடு எளிமையானது, கஜானாவுக்குச் செலவு வைக்காதது, அதிகாரியின் மனசாட்சியை உறுத்தாதது. ஒரு கருத்து ஏற்கப்படுவதற்கு இந்த மூன்றும் போதுமாயிருந்தது. அது உண்மையா என்று சோதித்தவர்கள் குறைவு.

1866இல் ஒரிசாவில் சோதனை வந்தது. வியாபாரிகள் கொண்டுவருவார்கள் என்று நம்பி வங்காள அரசு நேரத்தில் அரிசி இறக்குமதி செய்யவில்லை. பருவமழை தொடங்கியதும் கப்பல்கள் கரையை நெருங்க முடியவில்லை. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். விசாரணை நடந்தது, அரசு கண்டிக்கப்பட்டது. கோட்பாட்டில் முதல் விரிசல் விழுந்தது.

அடுத்து 1873-74இல் பீகார். இம்முறை நிவாரணப் பொறுப்பில் இருந்த ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார். பட்டினிச் சாவு மிகச் சொற்பம். பாராட்டினார்களா என்றால் இல்லை. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று லண்டனில் ஏளனம் செய்தார்கள். டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டார். உயிரைக் காப்பது எப்படி என்ற பாடத்தை அல்ல, பதவியைக் காப்பது எப்படி என்ற பாடத்தை.

தாது வருடம்

1876இல் பருவமழை பொய்த்தது. நம் பாட்டன் பூட்டன் வாயில் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நிலைத்துவிட்டது இதுதான். சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று மாவட்டம் மாவட்டமாகக் காய்ந்தது. கவர்னர் பக்கிங்காம் பிரபு அரசுப் பணத்தில் 30,000 டன் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. தனியார் வியாபாரத்தில் குறுக்கிடாதே என்று கண்டித்தார். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்தது. அதே மாதம் சிக்கனம் செய்ய மதராசுக்கு அனுப்பப்பட்டவர், பீகாரில் மக்களைக் காப்பாற்றிய அதே டெம்பிள்.

நிவாரண வேலையில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் குறைத்தார். ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. கூலி தாராளமாக இருந்தால் சோம்பேறிகள் வந்துவிடுவார்கள் என்பது வாதம். மதராசின் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒரு மருத்துவர். கடும் உழைப்புக்கு இந்த உணவு உடம்பைத் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டு எதிர்த்தார். சாவு எண்ணிக்கை அவர் பக்கம் நின்றது. சில மாதங்களில் கூலியை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். 1876-78இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் செத்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

ரயில் இருந்தது, தானியமும் வந்தது. ஆனால் ரயில் தானியத்தைப் பசி இருந்த இடத்துக்குக் கொண்டுபோகவில்லை, விலை கிடைத்த இடத்துக்குக் கொண்டுபோனது. வியாபாரிகள் பதுக்கினார்கள். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி அந்த ஆண்டும் நிற்கவில்லை.

அதிகம் செத்தது யார்? கூலிக்காரர்களும் நெசவாளிகளும் சிறு கைவினைஞர்களும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பறையர் படியாளை நினைத்துப் பாருங்கள். அவர் கூலி காசு அல்ல, நெல். விளைச்சல் இல்லை என்றால் மிராசுதார் படி அளப்பதை நிறுத்திவிடுவார். வேலை போன அன்றே சோறும் போகும். கையில் காசு இல்லை, அடகு வைக்க நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது. ‘விலை ஏறினால் சிக்கனமாகச் சாப்பிடுவார்கள்’ என்ற விதியில் இவர் எங்கே இருக்கிறார்? அவர் சந்தையில் நுழையவே இல்லை. பிழைத்தவர்களில் ஏராளமானோர் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மலையகத் தமிழர் வரலாற்றில் இந்தப் பஞ்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கோட்பாடு தன்னைத் திருத்திக்கொண்டது, பாதி

இத்தனைக்குப் பிறகுதான் 1880இல் பஞ்சக் குழு அறிக்கை தந்தது. பஞ்சத்தில் மக்களைக் காப்பது அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்டது. வேலையும் கூலியும் இழந்த மக்களுக்கு உணவு வாங்கச் சக்தி இல்லை என்பதையும் கண்டுகொண்டது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. ஆனால் தானிய வியாபாரத்தில் கை வைப்பதில்லை என்ற பழைய விரதம் அப்படியே இருந்தது.

அதே 1876இல் பம்பாயில் தாதாபாய் நௌரோஜி ‘இந்தியாவின் வறுமை’ என்ற கட்டுரையை வாசித்தார். ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய்தான் என்று கணக்குக் காட்டினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து போகிறது என்பது அவருடைய கோட்பாடு. ஆட்சியாளர்கள் முதலில் அதை மறுத்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது தேசிய இயக்கத்தின் பொருளாதாரப் பாடமாகவே ஆகிவிட்டது. கோட்பாடு மாறவில்லை. அதைத் தூக்கிப் பிடிக்க ஓர் இயக்கம் வந்தது, அவ்வளவுதான்.

நௌரோஜி சொன்னது உண்மை. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் சேரியிலிருந்து ஊருக்கு வடிந்த செல்வத்தை அந்தக் கணக்கில் யார் எழுதினார்கள்? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் கேட்டால் மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள், மனையைக் காட்டி எப்படி மிரட்டுகிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அதன் விளைவுதான் 1892இன் அரசாணை, நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலம். தேசியப் பொருளாதாரப் பாடநூல்களில் நௌரோஜி இருக்கிறார். பஞ்சமி நிலம் இல்லை.

யார் சொன்னால் கோட்பாடு?

1918இல் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டான நிலத்தை ஒன்றுசேர்த்தால் போதும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். அவர் வேறு இடத்தைத் தொட்டார். விவசாயத்தில் வேலையில்லாமல் தேங்கிக் கிடக்கும் உழைப்புதான் நோய், தொழில்மயமாக்கலே மருந்து என்றார். 36 ஆண்டுகள் கழித்து, 1954இல், விவசாயத்தில் உபரியாகத் தேங்கிய உழைப்பையும் தொழில் வளர்ச்சியையும் இணைத்து ஆர்தர் லூயிஸ் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கரீபியத் தீவில் பிறந்த கறுப்பினத்தவரான லூயிஸ் அதற்குத் தகுதியானவர்தான். இரண்டு கட்டுரைகளும் ஒன்றே என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்ற அம்பேத்கரை, பொருளாதார வகுப்பில் எத்தனை பேருக்குப் பொருளாதார அறிஞராக அறிமுகம் செய்தார்கள்? சாதி என்பது உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளிகளையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் அவர் சொன்னது இந்த நாட்டின் உழைப்புச் சந்தை பற்றிய ஆழமான கோட்பாடு. அதைச் சமூக சீர்திருத்தம் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பஞ்சத்தின் கதையில் கடைசி மாற்றம் 1981இல் வந்தது. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இல்லாததால் அல்ல, உணவைப் பெறும் உரிமையும் வழியும் இல்லாததால்தான் மக்கள் செத்தார்கள் என்று நிறுவினார். அதிகம் அடிபட்டவர்கள் விவசாயக் கூலிகளும் மீனவர்களும். தாது வருடத்துப் படியாளுக்கு நூறு ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்த உண்மைதான் இது. அவர் சொன்னதை எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

இன்றைக்கு என்ன?

பஞ்ச நிவாரண வேலையின் நீண்ட பாதையில்தான் 1970களின் வறட்சிக்குப் பின் மகாராஷ்டிரத்தில் வேலை உறுதித் திட்டமும், 2005இல் நூறு நாள் வேலைச் சட்டமும் வந்தன. பெரிய வித்தியாசம், முன்பு தருமமாக இருந்தது சட்டத்தில் உரிமையாக எழுதப்பட்டது. ஆனால் நூறு நாள் வேலை பற்றி ஊரில் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? “சும்மா உட்கார வைத்துச் சம்பளம் தருகிறார்கள்.” “வயல் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை.” முதல் வாக்கியம் டெம்பிளுடையது, இரண்டாவது மிராசுதாருடையது. பேசுபவர்களுக்கே அது தெரியாது. பழைய கோட்பாடுகள் சாவதில்லை, டீக்கடைப் பேச்சாக உயிர்வாழ்கின்றன.

ஆகவே அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான். சந்தை விதி புவியீர்ப்பு அல்ல. அதை எழுதியவர்களுக்குப் பெயர் உண்டு, கற்பித்த வகுப்பறைக்கு முகவரி உண்டு, அமல்படுத்திய அதிகாரிக்குச் சம்பளம் உண்டு. அது மூன்று நான்கு முறை மாறியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் யாரோ கணக்கோடு எதிர்த்து நின்றதால். கார்னிஷ் ராத்தல் கணக்கோடு நின்றார். நௌரோஜி 20 ரூபாய்க் கணக்கோடு நின்றார். பாபாசாகேப் வாழ்நாள் முழுக்கக் கணக்கோடு நின்றார்.

எனவே பொருளாதாரத்தைக் கைவிடாதீர்கள். தேர்வில் ஸ்மித்தையும் மால்தஸையும் நன்றாக எழுதி மதிப்பெண் வாங்குங்கள். கூடவே ஒவ்வொரு கோட்பாட்டிடமும் கேளுங்கள்: உன் கணக்கில் நிலமில்லாத கூலிக்காரி எந்தப் பக்கத்தில் இருக்கிறாள்? பதில் கிடைக்காவிட்டால் உங்கள் ஊருக்குப் போங்கள். பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது, நூறு நாள் வேலைக் கூலி எத்தனை வாரம் தாமதமானது என்று எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த வாசிப்பு வட்டத்தில் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.