இத்தாலிய, ஜப்பானிய கூபே கார்களும் சென்னை ஹெரால்டும்

கூபே என்பது இரண்டு கதவும் பின்னோக்கிச் சரியும் கூரையும் கொண்ட கார் வகை. அழகுக்கு இத்தாலிய கூபே, உழைப்புக்கு ஜப்பானிய கூபே என்று பழைய கார் சேகரிப்பாளர்கள் பிரித்துப் பேசுவது வழக்கம். 1960களின் வரலாறு இந்தப் பிரிவினைக்கு இடம் தருவதில்லை. சென்னையில் செய்யப்பட்ட ஒரு கார் இதற்குச் சாட்சி.

வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் ஆகும். இதை வடிவமைத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. பிரிட்டனில் 1959இல் கூபேயும் சேர்ந்தே அறிமுகமானது. சென்னைக்கு முதலில் வந்தது இரண்டு கதவு செடான். 948 சிசி எஞ்சின், தனிச் சட்டகம். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரம் வரை எல்லாம் கைக்கு எட்டும். மெக்கானிக்குகளுக்கு இதைவிட வசதியான கார் குறைவு.

அதே மிக்கெலோட்டிதான் ஜப்பானின் பிரின்ஸ் நிறுவனத்துக்கு ஸ்கைலைன் ஸ்போர்ட் கூபேயை வடிவமைத்தார். 1960இல் தூரின் கண்காட்சியில் வைக்கப்பட்ட இக்கார், கையால் தகடு தட்டிச் செய்யப்பட்டதால் சுமார் 60 மட்டுமே உருவானது. ஹினோ கொன்டெஸா 1300 காரும் அவர் வரைந்ததே. 1968இல் விற்பனைக்கு வந்த இசுசு 117 கூபேயை வடிவமைத்தவர் மற்றோர் இத்தாலியரான ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. அக்கால ஜப்பானிய கூபேக்கள் பலவற்றின் அழகு இத்தாலியில் பிறந்தது என்பதே உண்மை.

விலையில் மட்டும் இடைவெளி பெரிது. 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. சுமார் 350 உருவான டொயோட்டா 2000ஜிடி, 2013இல்தான் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. எண்ணிக்கைக் குறைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. 197 மட்டுமே செய்யப்பட்ட 1973ஆம் ஆண்டு ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஃபெராரியின் விலையை நெருங்கவில்லை. பந்தயக் களத்தில் ஈட்டிய பெயருக்கும் சேர்த்தே சேகரிப்பாளர் பணம் தருகிறார்.

துரு இரு நாட்டுக் கார்களுக்கும் பொதுப் பகை. இத்தாலியின் லான்சியா நிறுவனம் துருப்பிடித்த பீட்டா கார்களை 1980இல் பிரிட்டனில் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. அக்கால ஜப்பானியத் தகடும் மெல்லியதே. குத்தாலம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் நிற்கும் காருக்கு அது எந்த நாட்டுத் தகடானாலும் ஒன்றுதான். வாங்குபவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தரைத்தகட்டையும் சட்டகத்தையும் பார்ப்பது நல்லது. எஞ்சினைப் பிரித்துக் கோத்துவிடலாம்.

ஃபெராரிக்கும் டொயோட்டாவுக்கும் வழியில்லாத தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்கு மிக்கெலோட்டியின் கோடு ஹெரால்டில் கிடைக்கிறது. டிரையம்ப் காருக்கான உதிரிபாகங்கள் பிரிட்டனில் இன்றும் தயாராகின்றன. 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார்களுக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவெண் பெறலாம். பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருப்பது நிபந்தனை. அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. டீசல் எஞ்சின் மாற்றிய ஹெரால்டுகளுக்கு இது சிக்கல்.