கொத்தடிமை
திருவெறும்பூர் பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞர் தன் அலுவலக வேலையைக் 'கொத்தடிமை வேலை' என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தச் சொல்லில் இருப்பது பூங்கொத்தில் வரும் அதே கொத்துதான். அதற்குக் குடும்பம் என்றும் பழைய பொருள் உண்டு. குடும்பமே அடிமைப்பட்டால் கொத்தடிமை. படி நெல் கூலி வாங்கிய 'படியாள்' இதற்குப் பக்கத்துச் சொல். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின், கொத்தடிமை என்ற சொல் கடனுக்காகக் கட்டுண்ட ஒற்றை ஆளையும் குறிக்கிறது. 'நவீன அடிமைத்தனம்' என்ற புது மொழிபெயர்ப்பைவிட இதுவே எனக்கு நெருக்கம். காரணம், செவிலியரான என் அக்கா சொன்ன ஒரு நிகழ்வு. செங்கல் சூளையிலிருந்து வந்த பெண்ணிடம் பெயர் கேட்டால், கூட வந்த மேஸ்திரி பதில் சொன்னாராம். ஊசி போடவேண்டும் என்று அவரை வெளியே நிறுத்திவிட்டு அக்கா மெதுவாகக் கேட்டார்: "அட்வான்ஸ் எவ்வளவும்மா வாங்கினீங்க? ஊருக்குப் போக விடுவாங்களா?" அந்தப் பெண் கதவையே பார்த்தபடி, "பிள்ளைங்க சூளையில இருக்குங்க" என்றார். அவர் சம்மதித்த பிறகே கோட்டாட்சியருக்குத் தகவல் போனது, பிள்ளைகளையும் சேர்த்து.