அந்த 2 மார்க் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட விடை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதும் வேலையில் இருக்கிறார். காபி குடித்துக்கொண்டே, "சார், நீங்க பாலிடெக்னிக்கில் நடத்தின ஒரு 2 மார்க் கேள்விதான் இன்னைக்கும் எனக்குச் சோறு போடுது" என்றார். எந்தக் கேள்வி என்று கேட்டேன். "மெமரி மேப்டு ஐ/ஓ, ஐ/ஓ மேப்டு ஐ/ஓ: வேறுபடுத்துக."

சிரித்துவிட்டேன். என்னிடம் 8085 படித்த எல்லோருக்கும் அந்த அட்டவணை நினைவிருக்கும். இடப்பக்கம் நாலு வரி, வலப்பக்கம் நாலு வரி. மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, மறந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் சொன்னதே இல்லை. இன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் படிக்காத சொந்தங்களும் வாசிக்கலாம்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். உள்ளே ஒன்றை வைத்துவிட்டு வந்தால், மறுபடி போகும்போது அது அப்படியே இருக்கும். ஆனால் செயலி நினைவகத்தோடு மட்டும் பேசினால் போதாது. கீபோர்டு, திரை, பிரிண்டர் எல்லாவற்றோடும் பேச வேண்டும். அவற்றுக்கு எந்தத் தெருவில் இடம் கொடுப்பது?

இன்டெல் அவற்றுக்குத் தனித் தெரு போட்டது. அங்கே போக இன், அவுட் என்று தனிக் கட்டளைகள். நம் 8085இல் அந்தத் தெருவில் 256 கதவுகள்.

1970இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த பிடிபி-11 வேறு வழியில் போனது. அதன் தெருவின் நீளம் 64 கிலோபைட். கடைசி 8 கிலோபைட்டைக் கருவிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நினைவகத்தில் எழுதுகிற அதே கட்டளையை அங்கே அனுப்பினால் எழுத்து அச்சாகும். தனிக் கட்டளை தேவையில்லை. யூனிக்ஸ் வளர்ந்தது இந்த இயந்திரத்தில்தான்.

அழகான ஏற்பாடுதான். ஆபத்தும் அதிலேயே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் சில கதவுகளுக்குப் பின்னால் சாமான் அறை, சில கதவுகளுக்குப் பின்னால் அழைப்பு மணி. சாமான் அறையைத் திறந்து மூடினால் ஒன்றும் ஆகாது. மணியைத் தொட்டால் யாராவது எழுந்து வருவார்கள். சில கருவிகளில் வெறுமனே படித்தாலே உள்ளே இருப்பது மாறிவிடும்.

பிறகு செயலிகள் வேகமெடுத்தன. நினைவகம் வரை போய்வர நேரமாகிறது என்று, படித்ததைப் பக்கத்திலேயே நகல் எடுத்து வைத்துக்கொண்டன. அதுதான் கேஷ். நினைவகத்துக்கு இது நல்லது. கருவிக்குப் பொருந்தாது. ரயில் வந்துவிட்டதா என்று பார்க்க, நிலையப் பலகையைப் பார்க்காமல் காலையில் எழுதிவைத்த துண்டுச்சீட்டையே திரும்பத் திரும்பப் பார்ப்பது போல. ரயில் வந்து போயே போய்விடும்.

ஒவ்வொரு செயலிக்காரரும் தம் போக்கில் தீர்வு கண்டார்கள். மிப்ஸ் செயலி ஒரே 512 மெகாபைட் இடத்துக்கு இரண்டு வாசல் வைத்தது. 2 ஜிகாபைட் எண்ணிலிருந்து நுழைந்தால் கேஷ் வழியாக, 2.5 ஜிகாபைட் எண்ணிலிருந்து நுழைந்தால் நேராக. ஆல்ஃபா செயலியின் முதல் தலைமுறைகளுக்கு ஒற்றை பைட்டை எடுக்கவே தெரியாது. 4 அல்லது 8 பைட்டாகத்தான் எடுக்கும். அதனால் முகவரியை 5 பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான இடத்தில் எத்தனை பைட் வேண்டும் என்று குறித்து அனுப்பினார்கள். பவர்பிசி செயலியோ வேலைகளை வரிசை மாற்றிச் செய்யும். கருவியிடம் மட்டும் வரிசையாகப் போ என்று சொல்ல ஒரு கட்டளை வைத்தார்கள். அதன் பெயர் ஐ-இ-ஐ-இ-ஓ. ஆங்கில மழலைப் பாட்டு ஒன்றின் பல்லவியேதான்!

இந்தக் கூட்டத்துக்கு நடுவே வந்தது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை இன்டெல் 386 கணினிக்காகத்தான் எழுதினார். 1994இல் டிஜிட்டல் நிறுவனத்தின் ஜான் ஹால் அவருக்கு ஓர் ஆல்ஃபா கணினி கிடைக்க ஏற்பாடு செய்தார். 1995இல் வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளுக்கும் கால் வைத்தது. இனி ஒரே டிரைவர் எல்லா இடத்திலும் ஓட வேண்டும். ஒவ்வொரு செயலியின் விசித்திரத்தையும் டிரைவர் எழுதுபவர் தலையில் கட்ட முடியுமா?

அதனால் ஒரு விதி பிறந்தது. டிரைவர் கருவியின் முகவரியை நேரடியாகத் தொடக்கூடாது. கெர்னலிடம் கேட்க வேண்டும், கெர்னல் ஒரு டோக்கன் கொடுக்கும், அந்த டோக்கனைக் காட்டித்தான் படிக்கலாம், எழுதலாம். 1996இல் வந்த 2.0 பதிப்பில் இதன் பெயர் விரீமேப். பிறகு ஐஓரீமேப் என்று நிலைத்தது. டிரைவருக்கு எங்கும் ஒரே வரி. உள்ளே மிப்ஸில் அந்த நேர்வாசலின் எண்ணைத் தரும். இன்டெலில் கேஷ் வேண்டாம் என்ற குறிப்போடு புதிய பக்க அட்டவணை போடும். ஆல்ஃபாவில் அந்த 5 பிட் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். 2008 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். 2.6.27 பதிப்பு வெளிவரும் முன் அதைச் சோதித்துக்கொண்டிருந்த சிலருக்கு, இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. பழைய கெர்னலுக்குத் திரும்பியும் உயிர் வரவில்லை. கார்டின் அடையாளமும் அமைப்பும் பதிந்திருந்த ஃபிளாஷ் சில்லே கலைந்திருந்தது. முதலில் அந்தக் கார்டின் டிரைவர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. அது குற்றவாளி இல்லை.

கெர்னலின் வேறு மூலையில் எஃப்டிரேஸ் என்ற கண்காணிப்பு வசதி இருந்தது. நிரலில் எந்தெந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று அது பட்டியல் வைத்திருந்தது. அதில் சில, தொடக்க வேலை முடிந்ததும் காலி செய்யப்பட்ட இடங்கள். காலியான அந்த எண்களை ஐஓரீமேப் கார்டின் ஃபிளாஷுக்குக் கொடுத்துவிட்டது. குடியிருந்தவர் மாறியது தெரியாமல் எஃப்டிரேஸ் பழைய விலாசத்துக்கே போனது.

அதுவும் ஜாக்கிரதையாகத்தான் போனது. "பழைய கட்டளை அங்கே இருந்தால் மட்டும் மாற்று" என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் இன்டெல் செயலியில் ஒப்பீடு பொருந்தாவிட்டாலும், படித்த மதிப்பையே திரும்ப எழுதிவிட்டுத்தான் அந்தக் கட்டளை முடியும். நினைவகத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இருந்ததையே எழுதினால் இருந்ததுதானே இருக்கும்? ஃபிளாஷுக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆணை. கார்டு பாழானது.

அக்டோபரில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த 2.6.27.1 பதிப்பில் அந்த வசதியை நிறுத்தி வைத்தார்கள். கார்டின் ஃபிளாஷுக்கும் டிரைவரில் ஒரு பூட்டு போடப்பட்டது.

இந்தக் கதையில் யாரும் அலட்சியமாக இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. நினைவகத்துக்குப் போதுமான கவனம் கருவிக்குப் போதவில்லை, அவ்வளவுதான். நினைவகத்தில் எழுதுவது குறிப்பு. கருவியில் எழுதுவது செயல். செய்ததைத் திரும்பப் பெற முடியாது. அந்த அட்டவணையின் தலைப்பில் நான் எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான். எழுதவில்லை. பாடத்தை முடிக்கும் அவசரம்.

லேபில் 8085 கிட்டில் அவுட் கட்டளை கொடுத்ததும் சின்ன விளக்கு எரிந்தபோது நீங்கள் கைதட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு எண்ணை எழுதியதும் உலகத்தில் ஏதோ ஒன்று நடந்தது. அன்று உங்களுக்குப் புரிந்திருக்கிறது. நான்தான் அதை 2 மார்க்காகச் சுருக்கிவிட்டேன்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் தவறாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது மார்க் போடுவது உங்கள் முறை.