ஜன்னல் எந்தப் பக்கம்?

கதை எழுதுகிறவனுக்குப் பழைய புகைப்படங்கள் என்றால் ஒரு சபலம். நடுவில் நிற்கும் பெரிய மனிதரை அவன் அதிக நேரம் பார்ப்பதில்லை. பின்னால் தெரியும் சுவரையும் ஓரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும் குழந்தையையுமே பார்த்துக்கொண்டிருப்பான். அண்மையில் அப்படி நான் பார்த்துக்கொண்டிருந்தவை, அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ஜாக்ஸன் டேவிஸ் என்பவர் எடுத்த படங்கள். பெரும்பாலும் 1910-களிலும் 1920-களிலும் எடுத்தவை. ஏறக்குறைய 6,000 படங்கள் வர்ஜீனியா சர்வகலாசாலையில் இருக்கின்றன. கறுப்பு இனத்தாரின் கல்வியே அவற்றின் விஷயம். கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் ஏராளம்.

டேவிஸ் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்ல; கல்வி அதிகாரி. வெள்ளையர். வர்ஜீனியாவில் ஹென்ரிக்கோ ஜில்லாவின் பள்ளிகளைக் கவனித்து வந்தவர், 1910-ல் மாகாணம் முழுவதிலும் உள்ள கறுப்பு இனத்தாரின் கிராமப் பள்ளிகளுக்கு அதிகாரியானார். 1915-ல் ராக்ஃபெல்லர் பணத்தால் நடந்த பொதுக் கல்வி வாரியத்தில் சேர்ந்து தென் மாகாணங்களைச் சுற்றினார். போன இடமெல்லாம் காமிராவும் கூடப் போயிற்று.

அன்றைய சட்டப்படி வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைக்கு வேறொரு பள்ளி. வரிப் பணம் முதல் பள்ளிக்குத் தாராளமாகப் போகும். இரண்டாவதற்கு மிச்சம் மீதி. மாதா கோயிலின் பின்னறை, பலகை அடித்த கொட்டகை, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை — எது கிடைத்ததோ அது பள்ளி. டேவிஸின் படங்களில் அவற்றின் முன்னால் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்தில் உபாத்தியாயினி.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்தவுடன், "ஐயோ பாவம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். அல்லது நின்று விசாரிக்கலாம். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது புகைப்படத்துக்கும் பொருந்தும். இந்தச் சுவரில் ஜன்னல் எத்தனை? அது எந்தப் பக்கம்? அடுப்பின் புகை எங்கே போகிறது? இத்தனை குழந்தைகளும் இந்த அறைக்குள் எப்படி உட்காருகிறார்கள்? கேள்விகள் இப்படி இறங்கி வந்தால், படம் பரிதாபப் பொருளாக இராமல் ஒரு வேலைத் திட்டத்தின் முதல் ஏடாகிவிடுகிறது.

படம் பிடிப்பதற்கு முன்பே விசாரித்துவிட்ட ஒருத்தியும் உண்டு. அவள் பெயர் வர்ஜீனியா ராண்டால்ஃப். அடிமைகளாய் இருந்த பெற்றோருக்குப் பிறந்தவள். 1892-ல் ஹென்ரிக்கோ ஜில்லாவில் ஓர் ஓரறைப் பள்ளிக்கு உபாத்தியாயினியாக வந்தாள். சுவருக்கு வெள்ளையடித்தாள், பாதைக்குச் சரளை போட்டாள், 1908-ல் 12 மரக் கன்றுகள் நட்டாள். குழந்தைகளுக்குப் பாடத்தோடு கைத்தொழிலும் கற்றுக் கொடுத்தாள். அவள் பள்ளியைப் பார்த்த டேவிஸ், ஒரு பள்ளியில் நடப்பது எல்லாப் பள்ளிகளிலும் நடக்கட்டும் என்று நினைத்தார். பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா ஜீன்ஸ் என்ற அம்மாள் 1907-ல் பத்து லட்சம் டாலர் தந்து ஏற்படுத்திய நிதியிலிருந்து சம்பளம் பெற்று, 1908-ல் ராண்டால்ஃப் ஜில்லா முழுவதும் சுற்றும் முதல் மேற்பார்வை ஆசிரியையானாள். பின்னால் தென் மாகாணங்களில் இவளைப் போன்ற ஆசிரியைகள் பலர் தோன்றினார்கள்.

கட்டிடத்துக்குப் பணம் வேறிடத்திலிருந்து வந்தது. ஸியர்ஸ் ரோபக் கம்பெனியின் தலைவர் ஜூலியஸ் ரோஸன்வால்ட், கறுப்பு இனத் தலைவர் புக்கர் வாஷிங்டனின் டஸ்கீகி கல்வி ஸ்தாபனத்துக்கு 1912-ல் 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சிய சிறு தொகையைக் கொண்டு அலபாமாவில் ஆறு கிராமப் பள்ளிகள் எழும்பின. இருபது ஆண்டில் அந்த ஆறு, 4,977 ஆயிற்று.

எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது அந்தப் பள்ளிகளின் அமைப்பு. 1920-ல் ப்ளெட்சர் ட்ரெஸ்லர் என்ற சுகாதாரப் பேராசிரியர், எழும்பி நின்ற பள்ளிகளை நேரில் பார்த்துக் குறைகளை அறிக்கையாக எழுதினார். அதே சமயம் திட்டத்தின் பொறுப்பு நாஷ்வில் நகரில் சாமுவேல் ஸ்மித் கைக்கு வந்தது. அவரும் டேவிஸைப் போலவே டென்னஸி மாகாணத்தில் கிராமம் கிராமமாகப் பள்ளிகளைப் பார்த்து அலைந்த அதிகாரிதான். பார்த்த கண்ணே பென்சிலைப் பிடித்தது என்று சொல்லலாம்.

மின்சாரம் இல்லாத கிராமம்; ஆகவே சூரியன்தான் விளக்கு. இரண்டு பக்கச் சுவரிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜன்னல் வைத்தால் கண் கூசும், நடுவில் நிழல் விழும். ஸ்மித்தின் வரைபடங்களில் ஒரே சுவரில் உயரமான ஜன்னல்கள் வரிசையாக வந்தன. வெளிச்சம் குழந்தையின் இடது தோளுக்கு மேலாக விழும்படி பெஞ்சுகள் போடப்பட்டன. எழுதும் வலது கையின் நிழல் காகிதத்தில் விழக்கூடாதல்லவா? வெளிச்சம் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வர வேண்டும் என்பதற்காக, மனை எந்தத் திசையைப் பார்த்திருந்தாலும் அதற்கென்று தனி வரைபடம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நகரும் தடுப்பு. அதைத் தள்ளிவிட்டால் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு மண்டபம். பள்ளி குழந்தைகளுக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான்.

கட்டி முடித்த பள்ளிகளும் புகைப்படமாயின. அவை இன்று நாஷ்வில்லில் ஃபிஸ்க் சர்வகலாசாலையில் இருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் ஒரு செய்தி தெரியாது. மொத்தச் செலவு 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோஸன்வால்ட் கொடுத்தது சுமார் 43 லட்சம். கறுப்பு இன மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம். பருத்தி வயலில் வாரத்துக்கு உழுதவர்கள், துணி வெளுத்தவர்கள், சமையல் செய்தவர்கள் ஆகியோரின் பணம். காசு இல்லாதவர்கள் நிலமும் மரமும் உழைப்பும் தந்தார்கள். வரி கட்டியவர்கள் மறுபடியும் ஒரு வரி கட்டினார்கள் என்பதுதான் உண்மை. தர்மவான் பெயர் பள்ளிக்கு நின்றது; அவர்கள் பெயர் எங்கே நின்றது?

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். டேவிஸின் படங்கள் எதைக் கேட்டன? இந்தக் கட்டிடத்தில் என்ன குறை என்று கேட்டன. ஏன் இரண்டு கட்டிடங்கள் என்று கேட்கவில்லை. சட்டத்துக்குள் நின்று எவ்வளவு செய்யலாமோ அவ்வளவு செய்தார் அவர். அது சிறிய காரியமல்ல. லட்சக்கணக்கான குழந்தைகள் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார்கள். என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி பாக்கி இருந்தது.

அதைக் கேட்கும் சந்தர்ப்பம் அதே வர்ஜீனியாவில் வந்தது. பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவில் ஃபார்ம்வில் என்ற ஊர். 180 பேருக்காக 1939-ல் கட்டிய மோட்டன் பள்ளியில், 1951-ல் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடமில்லாத குழந்தைகளுக்குத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழை பெய்தால் ஒழுகும். 1951 ஏப்ரல் 23-ந் தேதி பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அவர்கள் கேட்டது நல்ல கட்டிடம். வந்த வக்கீல்களோ, "கட்டிடத்துக்காக வழக்குப் போட மாட்டோம்; எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பள்ளி என்று கேட்பதானால் வருகிறோம்" என்றார்கள். குழந்தைகளும் பெற்றோரும் சம்மதித்தார்கள். வழக்கின் சாட்சியப் பொருள்களில் இரு தரத்துப் பள்ளிகளின் புகைப்படங்களும் இருந்தன. வழக்கு ஐந்தில் ஒன்றாக உச்ச நீதிமன்றம் சென்றது. 1954-ல் தனித்தனிப் பள்ளி முறை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த ஜில்லாவோ 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடி வைத்தது! வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

தனிப் பள்ளிகள் போனபின் ரோஸன்வால்ட் கட்டிடங்கள் பாழடைந்தன. இன்று சுமார் 500 மிஞ்சியிருக்கின்றன. ஆண்ட்ரூ ஃபெய்லர் என்ற புகைப்படக்காரர் 25,000 மைல் காரில் அலைந்து 105 பள்ளிகளைப் படம் பிடித்து, 2021-ல் நூலாக வெளியிட்டார். முன்பு புதிய பள்ளி வேண்டும் என்பதற்காகப் படம் எடுத்தார்கள். இப்போது இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்பதற்காக.

ஏழைப் பள்ளிக்கூடத்தின் படம் ஒன்று நம் கண்ணில் படும்போது, ஜன்னலை எண்ணிப் பார்ப்போம், அது அவசியம். அதோடு, படத்துக்குள் வராத அடுத்த தெருப் பள்ளி எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்போம்.